கல்மணி ஒலிக்குமா?

ஓர் ஆட்சி தன்னைப் பற்றி என்ன எண்ணிக் கொண்டிருக்கின்றது என்பதை, அதன் சட்டநூலைக் காட்டிலும் அதன் தலைவன் குடியிருக்கும் மனை தெளிவாகச் சொல்லிவிடும். சட்டநூலில் எதையும் எழுதலாம்; மக்களே மன்னர் என்றும் எழுதலாம். மனையோ பொய் சொல்லாது. அதன் மதில் எவ்வளவு நீளம், அதன் வாயில் யாருக்குத் திறக்கின்றது, குறை சொல்ல வந்தவன் எங்கே நிறுத்தப்படுகின்றான் என்பவற்றைப் பார்த்த அளவில், ஆள்வோனுக்கும் ஆளப்படுவோனுக்கும் உள்ள உறவு இன்னதென விளங்கிவிடும். தில்லியில், இரைசினாக் குன்றின்மேல், இந்தியக் குடியரசுத் தலைவர் குடியிருக்கும் மாளிகையை இந்தக் கண்கொண்டு பார்ப்போர் மிகச் சிலர். அதன் தோட்டத்துப் பூக்களைப் பற்றி ஆண்டுதோறும் செய்தித்தாள்கள் எழுதுகின்றன. அதன் அடியில் கிடக்கும் ஊர்களைப் பற்றியும், அதன் தூண்களில் தொங்கும் மணிகளைப் பற்றியும் எழுதுவார் அரியர்.

ஊரைப் பெயர்த்து எழுந்த மாடம்

1911-ஆம் ஆண்டு திசம்பர் 12-ஆம் நாள் தில்லியில் கூட்டப்பெற்ற முடிசூட்டுப் பேரவையில், ஐந்தாம் சியார்சு மன்னர் இந்தியத் தலைநகரைக் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாற்றுவதாக அறிவித்தார். 1905-இல் வங்கத்தைத் துண்டாடியதனால் எழுந்த கிளர்ச்சி வெள்ளையரைக் கல்கத்தாவில் உறங்க விடவில்லை. எனவே, முகலாயர் ஆண்ட பழைய நகரின் அருகே தங்கள் அரியணையை நட்டு, தாங்களே அவர்களுக்குப் பின்வந்த பேரரசர் என்று காட்ட விரும்பினர். திசம்பர் 15-இல் அடிக்கற்கள் நடப்பட்டன. நட்ட இடம் பின்னர்த் தகுதியற்றதெனத் தள்ளப்பட்டது. கற்கள் பெயர்க்கப்பட்டு இரைசினாவுக்குக் கொண்டு செல்லப்பட்டன. கற்களுக்கு நேர்ந்தது அதுவாயின், அங்கிருந்த மக்களுக்கு நேர்ந்தது யாது?

இரைசினாவும் மால்ச்சாவும் வெற்று மேடுகளாய்க் கிடந்தவை அல்ல. அவை உழவர் குடியிருந்த சிற்றூர்கள். 1894-ஆம் ஆண்டு நிலம் எடுப்புச் சட்டம் என்னும் ஒரு தாளைக் காட்டி, அவ்வூர்களின் நிலங்கள் எடுத்துக் கொள்ளப்பட்டன. ஏறத்தாழ 300 குடும்பங்கள் வேரொடு பெயர்க்கப்பட்டன என்பர். ஒருவன் வாழ்வதற்கு மாளிகை எழும்ப, முந்நூறு அடுப்புகள் அணைந்தன. அவ்வூர்களில் ஒன்றின் பெயர் குன்றுக்கு மட்டும் எஞ்சி நின்றது. அக் குன்றின்மேல் இருந்த மக்கள் வரலாற்றிலிருந்தே துடைக்கப்பட்டனர்.

எட்வின் இலட்டியன்சு என்னும் ஆங்கிலக் கட்டடக் கலைஞர் அம் மாளிகையை வரைந்தார். நான்கு ஆண்டுகளில் முடியும் என்றனர். இடையில் உலகப் போர் குறுக்கிட, 17 ஆண்டுகள் ஆயின. நான்கு இலக்கம் பவுண்டு ஆகும் என்றனர். 8,77,000 பவுண்டுக்கு மேல் ஆயிற்று. 70 கோடிச் செங்கற்களும் 30 இலக்கம் கன அடிக் கல்லும் அதற்குள் போயின. எழுந்து நின்றது 340 அறைகள் கொண்ட ஒரு மாளிகை. அதைச் சூழ 330 குறுக்கம் நிலம். அத்துணைச் செலவும் ஆங்கிலேயன் தன் நாட்டுப் பெட்டகத்திலிருந்து கொண்டு வந்த பணமா? உப்புக்கும் வரி கொடுத்த மக்களின் பணம் அது.

அதைக் கட்டியவர்க்கு இம் மண்ணின் கலைமேல் மதிப்பும் இல்லை. இலட்டியன்சு இந்தியக் கட்டடக் கலையை இகழ்ந்தவர். வைசிராயாக இருந்த ஆர்டிங்கு வற்புறுத்திய பின்னரே, கல்தாழ்வாரமும் கற்சாளரமும் மணிமாடமும் அக் கட்டடத்தில் இடம்பெற்றன. ஆளப்படுவோரின் கலையை மேலே பூசிக்கொண்டால் ஆட்சி நிலைக்கும் என்பது ஆர்டிங்கின் கணக்கு.

இன்னொன்றும் நோக்கத்தக்கது. கீழிருந்து ஊர்வலப் பெருஞ்சாலையில் வருவோர் கண்ணுக்கு மாளிகை எப்போதும் தெரிந்து கொண்டே இருக்க வேண்டும் என்று இலட்டியன்சு விரும்பினார். ஆனால், செயலகக் கட்டடங்களை வரைந்த எர்பர்ட்டு பேக்கர், அவற்றையும் அதே குன்றின் உச்சியில் வைத்தார். சாலையின் சாய்வு அதனால் மாறியது. குன்றின் அடிவாரத்தை அணுகுகின்றவன் கண்ணிலிருந்து மாளிகை மறைந்து போகின்றது. இதற்காக அவ்விருவரும் பல்லாண்டு பகைத்து நின்றனர். நெருங்க நெருங்க மறையும் மாளிகை! அவர்கள் அறியாமலே அவ் வாட்சியின் இயல்பைச் சாலையின் சாய்விலேயே வரைந்து விட்டனர்.

மணிக்கு நா இல்லை

அம் மாளிகைத் தூண்களின் தலைப்பில், மூலைக்கு ஒன்றாகக் கல்மணிகள் தொங்குகின்றன. கல்லில் குடைந்த மணிகளாகலின் அவற்றுக்கு நா இல்லை, ஒலி இல்லை. மணி ஒலித்தால் அரசகுலம் வீழும் என்றொரு பழைய நம்பிக்கை உண்டென்றும், ஒலிக்கவே ஒலிக்காத மணிகளை வைத்துவிட்டால் பேரரசு வீழாது என்று இலட்டியன்சு கருதினார் என்றும் சொல்லப்படுகின்றது.

தமிழர்க்கு அரண்மனை மணி என்றவுடன் நினைவுக்கு வருவது வேறொன்று. சோழன் வாயிலில் தொங்கிய ஆராய்ச்சி மணி அது. கன்றை இழந்த ஆவும் கொம்பால் அசைக்கும் உயரத்தில் அது தொங்கியது என்றும், அசைத்தவுடன் மன்னன் இறங்கி வந்தான் என்றும் தமிழ்மக்கள் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். அது நடந்த நிகழ்ச்சியா, புனைந்த கதையா என்று ஆய்வாளர் ஆராயட்டும். ஓர் அரசு எப்படி இருக்க வேண்டும் என்று இவ்வினம் எண்ணியது என்பதற்கு அக்கதை போதிய சான்று. திருக்குறளின் இறைமாட்சி அதிகாரமும், மக்கள் எளிதில் சென்று காணத் தகுந்தவனாக இருத்தலை அரசனுக்கு இலக்கணமாக வைக்கின்றது. யாரும் அடிக்கக் கூடிய மணி ஒரு வகை ஆட்சி. யாராலும் அடிக்க முடியாத மணி மற்றொரு வகை ஆட்சி. இரைசினாக் குன்றின்மேல் தொங்கவிடப்பட்டது இரண்டாவது மணி.

அந்த மணி பேரரசைக் காத்ததா? 1929 திசம்பர் 23-இல், வைசிராய் இர்வின் தில்லிக்குத் திரும்பிய தொடர்வண்டியின் அடியில் வெடிகுண்டு வெடித்தது. அவர் உயிர் தப்பினார். அன்றே காந்தியடிகளும் பிறரும் அம் மாளிகையில் அவரைக் கண்டு பேசினர். 1931 பிப்பிரவரியில் காந்தியடிகள் மீண்டும் அதன் படிகளில் ஏறியபோது, அரையாடை உடுத்த ஒருவர் அரசப் பேராளரோடு நிகராக அமர்ந்து பேசுவதா என்று சர்ச்சில் அருவருத்துப் பேசினார். இர்வின் முதல் மவுண்டுபேட்டன் வரை ஐந்து வைசிராய்கள் அங்கே வாழ்ந்தனர். கட்டுவதற்கு 17 ஆண்டு. வெள்ளையர் அதில் வாழ்ந்தது 18 ஆண்டு. ஊமை மணி பேரரசைக் காக்கவில்லை.

ஆனால் அது மக்களின் குரலை வெளியே நிறுத்தியது. 1943-இல் வங்கத்தில் பஞ்சம் தலைவிரித்தாடியது. 20 இலக்கத்திலிருந்து 30 இலக்கம் வரை மக்கள் மாண்டனர் என்று கணக்கிடுகின்றனர். கல்கத்தாத் தெருக்களில் பிணங்கள் கிடந்தன. அப்போது இம் மாளிகையில் இருந்த வைசிராய் இலின்லித்கோ, அப் பஞ்சத்தின்போது வங்கத்துக்கு ஒருமுறையும் போகவில்லை. அவ்வாண்டு அகுதோபரில் வேவல் பொறுப்பேற்ற பின்னரே ஒரு வைசிராயின் கால் அம் மண்ணில் பட்டது. 340 அறைகளுள் ஒன்றில்கூட வங்கத்தின் அழுகுரல் கேட்கவில்லை. மணிக்கு நா இல்லை. மாளிகைக்குச் செவி இல்லை.

கை மாறியது, கதவு மாறவில்லை

1947 ஆகத்து 15-இல், அதுவரை அரியணைக் கூடமாக இருந்த தர்பார் மண்டபத்திலேயே விடுதலை இந்தியாவின் அமைச்சரவை பொறுப்பேற்றது. அம் மாளிகையை என்ன செய்வது என்ற கேள்வி அன்றே எழுந்தது. நாட்டுத் தலைவன் எளிய இல்லத்தில் வாழட்டும். இம் மாளிகை மருத்துவமனையாகட்டும் என்பது காந்தியடிகளின் கருத்து. அக்கருத்தைக் கேட்டனர், தலையசைத்தனர், கிடப்பில் போட்டனர்.

1948 சூன் 21-இல் இராசகோபாலாச்சாரியார் தலைமை ஆளுநராகப் பொறுப்பேற்றார். 1938-இல் சென்னை மாகாணப் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கிய அவர்மேல் தமிழர்க்குள்ள வழக்குத் தீராத வழக்கு. எனினும், உள்ளதை உள்ளவாறு சொல்ல வேண்டும். வைசிராய் வாழ்ந்த பகட்டறைகளில் அவர் வாழ ஒப்பவில்லை. விருந்தினர்க்கென இருந்த சிறிய பகுதியிலேயே குடியிருந்தார். உணவுப் பற்றாக்குறைக் காலமாகலின் தோட்ட நிலத்தின் ஒரு பகுதியில் கோதுமை விளைவித்தார். பின்வந்த குடியரசுத் தலைவர்கள் அந்தச் சிறிய பகுதியையே தம் உறைவிடமாகக் கொண்டனர். ஆனால், வீட்டுக்காரன் சிறிய அறைக்கு மாறிவிட்டதனால் வீடு சிறியதாகி விடுமா? மீதி அறைகள் அப்படியே நின்றன. மதிலும் வாயிலும் குதிரைப் படையும் அப்படியே நின்றன.

"ஒரு பெரிய நாட்டின் தலைவர்க்குப் பெரிய மாளிகை வேண்டாவா? அயல்நாட்டார் வந்தால் எங்கே தங்குவர்?" என்று கேட்பார் உளர். இதற்கு விடை சிம்லாவில் இருக்கின்றது. 1888-இல் கட்டி முடிக்கப்பெற்ற வைசிராய்களின் கோடை மாளிகை அங்கே உள்ளது. விடுதலைக்குப் பின் அதுவும் குடியரசுத் தலைவரின் உடைமையாயிற்று. திருத்தணியில் பிறந்த இராதாகிருட்டிணன் குடியரசுத் தலைவராக இருந்தபோது, அதை அறிஞர்கள் தங்கி ஆராயும் உயராய்வு நிறுவனமாக்கினார். 1965 அகுதோபர் 20-இல் அது திறக்கப்பெற்றது. நாட்டைத் துண்டுபோடும் பேச்சுகள் நடந்த கூடங்களில் நூல்கள் அடுக்கப்பெற்றன. அதனால் இந்தியாவின் பெருமை ஒரு விரற்கடையேனும் குறைந்ததா? ஒருவர் மனம் வைத்தார். ஒரு மாளிகை கல்வி நிலையமாயிற்று. தில்லியில் மனம் வைக்கத்தான் ஆளில்லை. தில்லி மாளிகை போதாதென்று, சிம்லாவை அடுத்த மசோபராவிலும் ஐதராபாத்தை அடுத்த பொலாரத்திலும் ஓய்வு மாளிகைகள் இரண்டு இன்றும் குடியரசுத் தலைவர்க்கு உள்ளன.

இவற்றைவிடக் கொடியது வேறொன்று. இரைசினா மக்களின் நிலத்தைப் பறித்த 1894-ஆம் ஆண்டுச் சட்டம், விடுதலைக்குப் பின்னும் 66 ஆண்டுகள் உயிரோடிருந்தது. அணைகளுக்கும் சுரங்கங்களுக்கும் ஆலைகளுக்கும் உழவனின் நிலத்தை எடுத்தது அதே சட்டம். 2013-இல்தான் அதற்கு மாற்றாகப் புதுச்சட்டம் இயற்றப்பெற்று, 2014 சனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. வைசிராய் 1947-இலேயே போய்விட்டார். அவர் மாளிகைக்கு இடம் பிடித்துத் தந்த சட்டமோ கொலு வீற்றிருந்தது.

பலகைகளின் வரலாறு

உள்ளே ஒன்றையும் மாற்ற மனமில்லாதவர் வெளிப் பலகையை மாற்றுவர். இம் மாளிகையின் பிற்கால வரலாறு பெரும்பாலும் பலகைகளின் வரலாறே. வெள்ளையர் காலத்தில் அது வைசிராய் இல்லம். 1947-இல் அரசினர் இல்லம். 1950-இல் இராட்டிரபதி பவன்.

இச் சொற்களைச் சற்றே பிரித்துப் பார்த்தல் நன்று. வைசிராய் என்பதற்கு அரசனுக்கு மாற்றாக இருப்பவன் என்பது பொருள். தான் உடையவன் அல்லன், உடையவனின் ஆள் என்றேனும் அப்பெயர் ஒப்புக்கொண்டது. இராட்டிரபதி என்பதில் இராட்டிரம் நாடு. வடமொழியில் பதி என்பான் உடையவன், தலைவன். நாட்டை உடையவன்! குடிகளே அரசு என்று சட்டம் எழுதிய அதே ஆண்டில், குடிகளின் பணியாளனுக்கு வைத்த பெயர் இது. தமிழிலும் பதி என்னும் சொல் உண்டு. மக்கள் பதிந்து வாழும் ஊருக்கு அது பெயர். அங்கே பதி ஆள்பவன். இங்கே பதி வாழிடம். இரைசினாவின் வரலாறு முழுவதும் இவ்வொரு சொல்லின் இரு பொருளுக்குள் அடங்கிவிடும். குடியரசுத் தலைவர் என்னும் தமிழ்ப்பெயர் பிறர்க்கும் வழிகாட்டத் தக்க பெயர்; குடிகளை முன்னே வைத்துத் தலைவரைப் பின்னே வைக்கின்றது.

பலகை மாற்றம் அதனோடு நிற்கவில்லை. மாளிகைக்குச் செல்லும் மன்னர் பெருவழி விடுதலைக்குப் பின் இராசபத் ஆயிற்று. மொழி மாறியது, மன்னன் மாறவில்லை. 2022 செபுதம்பரில் அது கர்த்தவ்ய பத் ஆயிற்று. 2023 சனவரியில் முகலாயத் தோட்டம் அம்ரித் உத்யான் ஆயிற்று. 2024 சூலையில் தர்பார் கூடம் கணதந்திர மண்டப் ஆயிற்று; அசோகக் கூடம் அசோக மண்டப் ஆயிற்று. அடிமைக் காலத்துப் பெயர்களை நீக்குவது குற்றமா என்று கேட்கலாம். குற்றமில்லை. நீக்குக. ஆனால், அரசியல் சட்டத்தின் எட்டாம் அட்டவணையில் 22 மொழிகள் இருக்கப் புதுப்பெயர்கள் மட்டும் வடமொழிப் பேழையிலிருந்தே எடுக்கப்படுவது ஏன்? தமிழனும் வங்கனும் கன்னடனும் நாகனும் கொடுத்த வரியில் நிற்கும் மாளிகையில், அவர்கள் தத்தம் வாயால் சொல்லத்தக்க பெயருக்கு இடமில்லையா? அரசவை என்று பொருள்படும் தர்பாரை நீக்கிக் குடியரசு என்று பொருள்படும் கணதந்திரத்தை வைத்தவர்கள், அப்பெயர் குடிகளுள் எத்துணைப் பேர்க்குப் புரியும் என்று கேட்டார்களா? குடிகளுக்குப் புரியாத பெயரால் குடியரசை அழைப்பது, நா இல்லாத மணியைப் போன்றதுதான்.

இன்று அடிப்பார் யார்?

பெயரை விடுக. மணியைப் பார்க்க. அரசியல் சட்டத்தின் 72-ஆம் பிரிவு, சாவுத்தண்டனை பெற்றவரின் உயிரைக் காக்கும் ஆற்றலைக் குடியரசுத் தலைவர்க்குத் தந்துள்ளது. இக்கால ஆராய்ச்சி மணி என்றால் அதுவே. இராசீவ் கொலை வழக்கில் தூக்குத்தண்டனை பெற்ற மூவரின் உயிர்காப்பு முறையீடு 2000-ஆம் ஆண்டில் அம் மாளிகைக்குச் சென்றது. 2011 ஆகத்தில் மறுமொழி வந்தது. பதினோர் ஆண்டுகள்! இக்காலத்துள் குடியரசுத் தலைவர்கள் மாறினர். ஒவ்வொரு விடியலிலும் மூன்று உயிர்கள் கயிற்றை எண்ணிக் கிடந்தன. அக் காலத்தாழ்வையே ஏதுவாகக் கொண்டு, 2014 பிப்பிரவரி 18-இல் உச்ச நீதிமன்றம் அத் தண்டனையை வாழ்நாள் சிறையாகக் குறைத்தது. மாளிகையின் உறக்கமே தீர்ப்பின் அடிப்படை ஆயிற்று என்றால், அதைவிட ஒரு பழி வேண்டுமா?

ஓர் உயிரின் முறையீடு மட்டுமன்றி ஒரு மாநிலத்தின் முறையீடும் அங்கே அவ்வாறே கிடக்கின்றது. மருத்துவக் கல்விக்கான நீட் தேர்விலிருந்து விலக்குக் கேட்டுத் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2022 பிப்பிரவரி 8-இல் இரண்டாம் முறையாகச் சட்ட வரைவை நிறைவேற்றியது. அதற்கு ஒப்புதல் மறுக்கப்பட்டது என்னும் செய்தி, 2025 ஏப்பிரல் 4-இல் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. அதன் பின் நான்காம் நாள், தமிழ்நாடு தொடுத்த வழக்கில், இத்தகைய வரைவுகள்மேல் குடியரசுத் தலைவர் மூன்று திங்களுக்குள் முடிவு செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்ற இருவர் ஆயம் கூறியது. ஆனால், குடியரசுத் தலைவர் அனுப்பிய கேள்விகளின்மேல் கூடிய ஐவர் ஆயம், அத்தகைய காலக்கெடுவை நீதிமன்றம் விதித்தல் இயலாது என்று அவ்வாண்டு நவம்பர் 20-இல் கருத்துரைத்தது.

"குடியரசுத் தலைவர் என்ன செய்வார்? அமைச்சரவை சொன்னபடி செய்கின்றார்" என்பர். உண்மைதான். அப்படியாயின் கேள்வி இன்னும் கூர்மையாகின்றது. மணியை அடிப்பவன் ஒரு வாயிலில் நிற்க, விடை சொல்ல வேண்டியவன் வேறொரு வாயிலில் மறைந்திருக்கின்றான். வைசிராய் காலத்தில் நெருங்க நெருங்க மாளிகை மறைந்தது. இன்று நெருங்க நெருங்கப் பொறுப்பு மறைகின்றது.

மாற்றம் சிறிதும் இல்லை என்று சொல்வது நேர்மையாகாது. 2012-இல் பிரணாப் முகர்சி, மாட்சிமை மிக்கவர் என்னும் பழைய விளியை உள்நாட்டில் விடுமாறு செய்தார். முன்பதிவு செய்த பொதுமக்கள் இன்று மாளிகையைச் சுற்றிப் பார்க்கின்றனர். இவை நல்லவை. ஆனால், பார்க்க விடுவது வேறு. கேட்க விடுவது வேறு. கல்மணியை மக்கள் அண்ணாந்து பார்த்து வியக்கலாம், அடிக்கத்தான் முடியாது.

ஆகவே, தமிழர் கேட்க வேண்டியவை சில. உயிர்காப்பு முறையீட்டுக்கும் மாநிலச் சட்ட வரைவுக்கும் இத்துணை நாளுக்குள் விடை என்று அரசியல் சட்டத்திலேயே வரையறை எழுதப்பெற வேண்டும். மறுத்தால், மறுத்ததன் காரணம் எழுத்தில் வர வேண்டும். மாளிகைக்கும் அதன் கூடங்களுக்கும் வைக்கும் பெயர்கள் எல்லா மொழியினர்க்கும் உரிய பெயர்களாக, அந்தந்த மொழியில் வழங்கப்பெற வேண்டும். சிம்லாவில் செய்யப்பெற்றது தில்லியிலும் செய்யப்பெற்று, பயன்படாத அறைகள் கல்விக்கும் மருத்துவத்துக்கும் திறக்கப்பெற வேண்டும். இரைசினா, மால்ச்சா மக்களின் பெயரால் அம் முகப்பில் ஒரு நடுகல்லேனும் எழ வேண்டும்.

இவற்றுள் ஒன்றும் பெருஞ்செலவு பிடிப்பதன்று. 70 கோடிச் செங்கல்லும் வேண்டா. கல்லில் செதுக்கிய மணி தானாக ஒலிக்காது. அதை அகற்றிவிட்டு, எளியவன் கைக்கு எட்டும் உயரத்தில் நா உள்ள மணியொன்றை மக்கள்தாம் கட்ட வேண்டும். அது கட்டப்படும் வரை, எத்தனை பலகைகளை மாற்றினாலும், இரைசினாக் குன்றின்மேல் நிற்பது வைசிராயின் மாளிகையே.